ஆயிரத்தால் வகுத்தல்

நார்வாவில் ஜனவரி.
எங்கள் மூன்றாம் மாடி வெப்பக் குழாய்கள்
மீன்கடைத் தரை போலச் சில்லிட்டுக் கிடந்தன.
"பத்தொன்பது டிகிரி" என்றார் வெல்லோ பாயு,
குடியிருப்போர் சங்கத் தலைவர்,
கொதிகலனுக்குப் பக்கத்தில் தான் மாட்டிய
மானியைக் காட்டி.
உங்களுக்குப் பத்தொன்பது, என்றேன்,
எனக்கு மூக்கு இருக்கிறதா என்றே தெரியவில்லை.

எங்களிடம் வெப்பமானி கிடையாது.
மின்நூல் கருவி ஒன்று இருந்தது,
மூலையில் கீறல் விழுந்து பாதி விலைக்கு வந்தது.
உள்ளே ஓடுவது லினக்ஸ் என்று
கடையில் என்னோடு கணக்கெழுதும் தைசியா சொன்னாள்.
ஞாயிறன்று வந்து கேபிளைச் செருகி
கணினியில் கறுப்புச் சன்னல் ஒன்றைத் திறந்துவிட்டு
ஒரு கட்டளை சொல்லிக்கொடுத்தாள்.
எழுத்துக்கூட்டினால் பூனை என்று வருகிறது.
பூனையை ஏவினேன்,
கோப்புறைக்குள் கோப்புறைக்குள் கோப்புறை,
அடியில் ஒரு கோப்பு,
கோப்பில் ஒரே ஓர் எண்:
13500.

எரிமலை என்று பயந்தேன்.
ஆயிரத்தால் வகு, என்றாள்.

இன்னொரு கோப்பில் 22000.
அது பேட்டரி, விட்டுவிடு,
மின்சாரம் குடித்துக்கொண்டிருக்கிறது,
தன் வயிற்றைப் பற்றித்தான் பேசும்.
முதலாவது திரையினுடையது.
திரைக்குக் குளிர் தெரிந்தாக வேண்டும்:
குளிரில் மை மந்தமாகும்,
கறுப்புத் துகள் மேலேறி ஓர் எழுத்தாக
எவ்வளவு நேரம் தள்ளுவது என்று
ஒவ்வொரு பக்கத்துக்கும் அது விசாரித்துக்கொள்ளும்.

நான் பார்க்கப் பார்க்க எண் ஏறியது.
பதினான்கு. பதினைந்தரை.
குழாயைத் தொட்டேன், அதே மீன்கடை.
தைசியா என் விரல்களைப் பிரித்துக்
கருவியை மேசையில் வைத்தாள்.

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை குறித்துவைக்க
நாலு வரி எழுதித் தந்தாள்.
கேபிளோடு சமையலறையில் விட்டுவிட்டுப் படுத்தேன்.

காலையில் பட்டியல்:
நள்ளிரவு 13.0
இரண்டு மணி 12.5
மூன்று மணி 12.5
மூன்று பத்து 16.0
மூன்றரை 25.5
மூன்றேமுக்கால் 27.0
நாலேகால் 19.5
பிறகு மெல்ல மெல்ல மீண்டும் பன்னிரண்டு.

"அடித்துப்போட்டாற்போலத் தூங்கினேன்"
என்றான் ரொதியோன், ரொட்டியில் வெண்ணெய் தடவியபடி.
மின்நிலையத்தில் அவன் பிரிவை மூடி ஏழு வாரம்.
எந்தப் பக்கத்தில் நிறுத்தியிருந்தான் என்று
கருவியைத் திறந்தால் தெரியும்.
திறக்கவில்லை.
எதையாவது படித்தானா,
சும்மா பிடித்துக்கொண்டு இருந்தானா.

அந்த வரிகளை அழித்திருக்கலாம்.
சங்கக் கூட்டத்துக்கு முன் அழி என்றுதான் தைசியா சொன்னாள்.
ஒரு மேட்டை வைத்து உன் கேஸையே கவிழ்ப்பார்கள், என்றாள்.
அப்படியே ஆயிற்று.
மாடிப்படியில் பதினொரு பேர், கோட்டும் தொப்பியுமாக.
வெல்லோ கண்ணாடியை ஏற்றிக்கொண்டு
காகிதத்தில் விரலை ஓட்டி அங்கேயே நின்றார்.
"பாருங்கள்! மூன்று மணிக்குச் சூடு விட்டிருக்கிறோம்.
இருபத்தேழு! இதற்கு மேல் என்ன வேண்டும்?"

அது கொதிகலன் இல்லை, என்றேன்.
பின்னே?
எனக்கு வாய் வரவில்லை.
பக்கத்தில் ரொதியோன் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
பிறகு வகுப்பில் பதில் தெரிந்த பையன் போல,
அல்லது தெரியாத பையன் போல,
கையுறையைக் கழற்றிக் கையைத் தூக்கினான்.
"நான்" என்றான்.

யாரும் சிரிக்கவில்லை.
இரண்டாம் மாடி அன்ஃபீசா மட்டும்
"எங்கள் வீட்டிலும் அந்த நேரம் விளக்கு எரியும்" என்றாள்,
யாரிடமும் இல்லாமல்.

வியாழக்கிழமை வால்வை மாற்றினார்கள்.
இப்போது பதினெட்டு, சில நாள் பதினெட்டரை.
அந்த நாலு வரியை நான் இன்னும் நிறுத்தவில்லை.
எழுந்ததும் முதலில் மூன்று மணியைத்தான் பார்க்கிறேன்.
நேற்று எண் ஏறவில்லை.
முந்தாநாளும் ஏறவில்லை.
தூங்கினானா,
கையைப் பையில் வைத்துக்கொண்டு இருட்டில் நின்றானா.
இதை எதனால் வகுப்பது என்று
தைசியாவைக் கேட்க முடியாது.